ரைன் கரையில் ஒரு தேர்வுப் பிரிவுக் குமாஸ்தா

முதல் நாள், திங்கள்: ஸ்ட்ராஸ்பர்க்

முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் உட்கார்ந்து மதிப்பெண் பட்டியல்களில் முத்திரை குத்தியவன் நான். கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன் என்றாலும் மனத்தளவில் குமாஸ்தாதான். ஐரோப்பாவுக்குப் போகிறேன் என்றதும் எங்கள் தெருவில் எல்லோரும் ஈஃபில் கோபுரத்தைப் பற்றித்தான் விசாரித்தார்கள். பாரிஸில் விமானம் இறங்கியது உண்மை. நிலையத்திலேயே ரயில் ஏறிக் கிழக்கே வந்துவிட்டேன்.

காரணம் என் தங்கை மகள். ஜெர்மனியில் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறாள். போன பருவத்தில் அவளுடைய பாடங்களில் ஒன்றை சுவிட்சர்லாந்தின் பாசலிலும் இன்னொன்றை பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்கிலும் படித்தாள். கட்டணம் ஃப்ரைபர்கில் கட்டியதோடு சரி. "மாமா, கோபுரத்தை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். நீங்கள் பார்க்க வேண்டியது எங்கள் மதிப்பெண் பட்டியல்" என்று எழுதியிருந்தாள். மீனைப் பிடிக்க எந்தப் புழுவைக் கோக்க வேண்டும் என்று தெரிந்த பெண்.

ரைன் நதியின் இந்த மேல்பகுதியில் ஐந்து பல்கலைக்கழகங்கள் 1989இல் கைகோத்தன: பாசல், ஃப்ரைபர்க், கார்ல்ஸ்ரூவே, ஸ்ட்ராஸ்பர்க், முலூஸ்-கோல்மாரில் உள்ள ஓட்-அல்ஸாஸ். கூட்டமைப்பின் பெயர் யூகோர். ஒன்றில் சேர்ந்த மாணவர் மற்ற நான்கிலும் கூடுதல் கட்டணமின்றிப் பாடம் எடுக்கலாம், தேர்வு எழுதலாம், நூலகத்தில் புத்தகம் எடுக்கலாம். ரயில் செலவுக்குச் சிறிய உதவித்தொகைகூட உண்டு. ஐந்து நிறுவனங்களிலும் சேர்த்து மாணவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். ஐரோப்பாவின் மாணவர் பரிமாற்றம் என்றால் எல்லோரும் எராஸ்மஸ் திட்டத்தைத்தான் சொல்வார்கள். ஆறு மாதம் பெட்டி படுக்கையோடு வேறு நாட்டுக்குப் போவது அது. இங்கே காலையில் போய் மாலையில் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். எனக்கு இதுதான் அதிசயமாகப்பட்டது. எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு துறை மாணவன் பக்கத்துத் துறையின் பாடத்தை எடுப்பதற்கே நான்கு கையெழுத்து வேண்டும்.

மாலையில் பல்கலைக்கழக அரண்மனைக்கு நடந்தேன். 1884இல் திறக்கப்பட்ட கட்டடம். பிரான்சில் இருக்கிறது, கட்டியவர்கள் ஜெர்மானியர்கள். 1871இல் இந்த ஊர் அடங்கிய அல்ஸாஸ் பகுதியைப் பிடித்த ஜெர்மனி, தன் அறிவுச் செல்வத்தைப் பிரான்சுக்குக் காட்டுவதற்காகவே இதை எழுப்பியது. எதிரே ஜெர்மன் கவிஞர் கதேயின் இளம் வயதுச் சிலை. அவர் 1770-71இல் இந்த ஊரில் சட்டம் படித்தவர். 1918இல் ஊர் பிரான்சிடம் போனது, ஜெர்மன் பேராசிரியர்கள் பாலத்தைத் தாண்டி வெளியேற்றப்பட்டார்கள். 1939இல் போர் வந்தபோது பிரெஞ்சுப் பல்கலைக்கழகம் மூட்டை கட்டிக்கொண்டு க்ளெர்மோன்-ஃபெரானுக்குக் குடிபெயர்ந்தது. அங்கேயும் 1943 நவம்பர் 25 அன்று நாஜிப் படை புகுந்தது. கிரேக்கப் பேராசிரியர் பால் கொலோம் சுட்டுக் கொல்லப்பட்டார், மாணவர்கள் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். இங்கே காலியான கட்டடங்களில் நாஜிகள் தங்கள் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார்கள். அதன் உடற்கூறியல் பேராசிரியர் ஒருவர் எலும்புக்கூடு சேகரிக்க வேண்டும் என்பதற்காக 86 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். மருத்துவமனை வளாகத்தில் அதற்கு ஒரு நினைவுப் பலகை இருக்கிறது.

அதே அரண்மனையில்தான் 1949 ஆகஸ்டில் ஐரோப்பிய கவுன்சிலின் பேரவை முதன்முதலாகக் கூடியது. படியில் உட்கார்ந்து பிள்ளைகள் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். எனக்கும் பசித்தது. இந்த ஊரின் பெயர்பெற்ற மெல்லிய அடையைப் பன்றி இறைச்சி இல்லாமல் கேட்டு வாங்கினேன். வெங்காயமும் பாலேடும் மட்டும். மோசமில்லை, மிளகாய்ப் பொடி இருந்திருந்தால் நன்றாகவே இருந்திருக்கும்.

இரண்டாம் நாள், செவ்வாய்: ஸ்ட்ராஸ்பர்க், கேல்

காலையில் ஐரோப்பிய கவுன்சில் கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்தேன். 46 நாடுகளின் கொடிகள். சுற்றுலாக்காரர்கள் கொடியோடு படம் எடுத்துக்கொண்டார்கள். என் வகையறா ஆட்களுக்கு அந்தக் கட்டடத்தில் வேறு காரணத்துக்காக மரியாதை. ஜெர்மன் கற்கும் நம் பிள்ளைகள் ஏ1, பி1, பி2 என்று சொல்கிறார்களே, அந்த ஏணி இங்கிருந்து 2001இல் வெளிவந்தது. அதைவிடப் பெரியது, யுனெஸ்கோவோடு சேர்ந்து 1997இல் லிஸ்பனில் நிறைவேற்றிய உடன்படிக்கை. பிற நாட்டுக் கல்வித் தகுதியை ஏற்பது பற்றியது.

அந்த உடன்படிக்கையை விமானத்தில் வாசித்துக்கொண்டு வந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அதன் உயிர் ஒரு விதியில் இருக்கிறது. வெளிநாட்டில் படித்தவரின் தகுதியை ஏற்க வேண்டும். ஏற்க மறுப்பதென்றால் கணிசமான வேறுபாடு இருப்பதை மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். மறுபடி படித்துப் பாருங்கள். நிரூபிக்க வேண்டியது மாணவர் அல்ல, அலுவலகம். நான் பணியாற்றிய காலமெல்லாம் இது தலைகீழாக இருந்தது. மனுக் கொடுத்தவர்தான் தன் பாடம் எங்கள் பாடத்துக்கு ஈடு என்று பாடத்திட்டம், கால அட்டவணை, துறைத்தலைவர் கடிதம் எல்லாம் கொண்டுவந்து நிரூபிக்க வேண்டும். நாங்கள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு "இது போதாது" என்று சொல்வோம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்கள். நான் பூசாரி.

பிற்பகல் டிராம் ஏறி ஜெர்மனிக்குப் போனேன். எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. டி வரிசை டிராம், 2017 ஏப்ரலிலிருந்து ரைனைத் தாண்டி கேல் என்ற ஜெர்மன் ஊருக்குப் போகிறது. ஆற்றின் நடுவில் சர்வதேச எல்லை. அதைக் கடந்தது ஒரு பாட்டியின் காய்கறிப் பைக்குத் தெரியவில்லை. ஆனால் மறுகரையில் சீருடை அணிந்த இருவர் ஏறிப் பெட்டியில் என்னையும் இன்னும் இரண்டு பேரையும் பார்த்துப் பாஸ்போர்ட் கேட்டார்கள். எல்லையில்லா ஐரோப்பாவிலும் ஜெர்மனி 2024 செப்டம்பரிலிருந்து எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது. மரியாதையாகத்தான் கேட்டார்கள். பாட்டியிடம் கேட்கவில்லை.

கேலில் பார்க்க அதிகம் இல்லை. புகையிலைக் கடைகள் வரிசையாக நிற்கின்றன, பிரெஞ்சுக்காரர்கள் விலை மலிவுக்காக வருகிறார்கள். போர் முடிந்தபின் ஊர் மக்களை வெளியேற்றிப் பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த ஊர் இது. முழுமையாகத் திருப்பிக் கொடுத்தது 1953இல்.

திரும்பும்போது டிராம் பாலத்தின் பெயரைக் கவனித்தேன். பேயட்டஸ் ரெனானஸ் பாலம். தளபதியின் பெயரல்ல, அரசியல்வாதியின் பெயரல்ல. அறிஞர் ஒருவரின் பெயர். அவருடைய பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை நாளை பார்க்கப்போகிறேன்.

மூன்றாம் நாள், புதன்: செலெஸ்தா

ஸ்ட்ராஸ்பர்கிலிருந்து தெற்கே உள்ளூர் ரயிலில் சுமார் இருபது நிமிடம். சின்ன ஊர். பழைய தானியச் சந்தைக் கட்டடம் ஒன்றில் மனிதநேய நூலகம் இருக்கிறது. 1452இல் ஊர்க் கோயிலின் நூலகமாகத் தொடங்கியது. புதுப்பித்து 2018இல் மறுபடி திறந்திருக்கிறார்கள்.

ரெனானஸ் 1485இல் இந்த ஊரில் ஒரு கசாப்புக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். இங்கிருந்த லத்தீன் பள்ளியில் படித்தார், பிறகு பாரிஸ், பிறகு பாசலின் அச்சகங்கள். பாசலில், மாணவர் பரிமாற்றத் திட்டத்துக்குப் பெயர் தந்த அறிஞர் எராஸ்மஸின் நெருங்கிய நண்பரானார்; எராஸ்மஸ் இறந்தபின் அவர் வாழ்க்கையை எழுதியவரும் இவரே. 1547இல் சாகும்போது தன் புத்தகங்கள் அத்தனையையும் ஊருக்கு எழுதி வைத்தார், சுமார் 670 தொகுதிகள். இன்றும் அநேகமாகக் கலையாமல் இருக்கின்றன. யுனெஸ்கோ 2011இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

நோட்டுப் புத்தகம் 1498-99ஆம் ஆண்டினது. பதின்மூன்று பதினான்கு வயதுப் பையன் வகுப்பில் லத்தீன் கவிதைக்கு ஆசிரியர் சொன்ன உரையை வரிகளுக்கு இடையில் எறும்பு ஊர்வதுபோல எழுதியிருக்கிறான். ஓரத்திலும் எழுதியிருக்கிறான். நான் கண்ணாடியைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனாலும் அரை மணி நேரம் நகர முடியவில்லை. விடைத்தாள்களோடு வாழ்ந்தவனுக்குத் தெரியும், மாணவனின் கையெழுத்து எந்த நூற்றாண்டிலும் ஒன்றுதான்: பக்கத்தின் தொடக்கத்தில் ஒழுங்கு, முடிவில் அவசரம்.

அந்தக் காலத்தில் இணைத்தன்மைச் சான்று கேட்டிருப்பார்களா என்று யோசித்தேன். பாரிஸில் படித்தவர் பாசலில் வேலை பார்த்தார், இத்தாலியின் பொலோனாவில் பாடம் கேட்டவர் வியன்னாவில் கற்பித்தார். எல்லோருக்கும் லத்தீன் பொது, பாடங்களும் ஏறக்குறைய ஒன்று. ஐந்நூறு ஆண்டுகளில் ஒவ்வொரு நாடும் தன் மொழி, தன் பட்டம், தன் மதிப்பெண் என்று வேலி போட்டுக்கொண்டது. பிறகு 1999 ஜூன் 19 அன்று 29 நாடுகளின் கல்வி அமைச்சர்கள் அதே பொலோனாவில் கூடி, இளநிலை, முதுநிலை என்று படிகளை ஒத்துப்போகச் செய்யலாம் என்று கையெழுத்திட்டார்கள். பொற்காலம் என்று பழையதைப் புகழமாட்டேன். அந்த லத்தீன் உலகத்தில் பெண்களுக்கு இடம் இல்லை, என் தங்கை மகள் வாசலிலேயே நின்றிருப்பாள்.

நான்காம் நாள், வியாழன்: ஃப்ரைபர்க்

ஸ்ட்ராஸ்பர்குக்குத் திரும்பி, ஆஃபன்பர்கில் வண்டி மாறி ஃப்ரைபர்க். ரயிலடியில் தங்கை மகள் நின்றிருந்தாள். இளைத்துவிட்டாள் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை, அவள் அம்மா தினமும் சொல்கிறாள்.

தெருவோரங்களில் சிறு வாய்க்கால்கள் ஓடுகின்றன. தவறிக் கால் வைத்தால் இந்த ஊர்க்காரரைத்தான் கட்டிக்கொள்வீர்கள் என்று ஒரு நம்பிக்கை. "நீ கால் வைத்தாயா?" என்றேன். "முதல் வாரத்திலேயே வைத்துவிட்டேன் மாமா, அம்மாவிடம் சொல்லாதீர்கள்" என்றாள்.

பல்கலைக்கழகம் 1457இல் தொடங்கியது. பழைய கட்டடத்தின் வாசலில் ஹோமரும் அரிஸ்டாட்டிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். சுவரில் பொன் எழுத்தில் 'சத்தியம் உங்களை விடுதலையாக்கும்' என்ற விவிலிய வாசகம். எதிரே 2015இல் திறந்த புதிய நூலகம், வைரம் வெட்டினதுபோலக் கண்ணாடியும் உலோகமுமாக. அதன் சுவரில் பட்ட வெயில் சாலையில் வண்டி ஓட்டுபவர்களின் கண்ணைக் கூசச் செய்ததாம். சத்தியத்தின் எதிரிலேயே இப்படி.

வகுப்பு பத்து மணிக்கு என்று அட்டவணையில் போட்டிருந்தது, பக்கத்தில் இரண்டு சிறு எழுத்துகள். அவள் பத்து மணிக்கு இன்னும் காபி குடித்துக்கொண்டிருந்தாள். நான் பதறினேன். அந்த எழுத்துகளுக்கு லத்தீனில் 'நேரத்தோடு' என்று பொருளாம். அதாவது பதினைந்து நிமிடம் கழித்துத்தான் ஆரம்பம். "பிரான்சில் இப்படி நினைத்துக்கொண்டு போய் முதல் வகுப்பில் திட்டு வாங்கினேன்" என்றாள். பருவமும் அப்படியே. இங்கே அக்டோபர் நடுவில்தான் வகுப்புகள் தொடங்குகின்றன, ஸ்ட்ராஸ்பர்கில் செப்டம்பரிலேயே தொடங்கிவிடுகின்றன, பாசலில் செப்டம்பர் நடுவில். ஒரு நதியின் இரண்டு கரைகளில் ஒரே பருவத்துக்கு மூன்று தொடக்கம். இவளுக்கு ஒரே நேரத்தில் ஓர் ஊரில் தேர்வும் இன்னோர் ஊரில் விடுமுறையும் வந்திருக்கின்றன.

பணம் பற்றியும் கேட்டேன், மாமனுக்கு அதைக் கேட்காமல் இருக்க முடியாது. இந்த மாநிலமான பாடன்-வுர்ட்டம்பர்க் 2017 குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் புதிய மாணவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ என்று விதித்தது. ஜெர்மனியில் கல்வி இலவசம் என்று நம் ஊரில் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் மாநிலத்தின் பெயரையும் கேட்டுக்கொள்வது நல்லது.

பிறகு மேசைக்கு வந்தது மதிப்பெண். இதற்காகத்தான் வந்தேன்.

ஜெர்மனியில் 1 மிகச் சிறந்தது, 4 வரை தேர்ச்சி, 5 என்றால் தோல்வி. சுவிட்சர்லாந்தில் 6 மிகச் சிறந்தது, 4 குறைந்தபட்சத் தேர்ச்சி. பிரான்சில் 20க்கு, 10 எடுத்தால் தேர்ச்சி. என் தங்கை பாசல் தேர்வில் மகள் 5 வாங்கினாள் என்று கேள்விப்பட்டு, ஜெர்மன் கணக்கில் எடுத்துக்கொண்டு ஒரு நாள் சாப்பிடவில்லை. அது நல்ல மதிப்பெண்.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற ஜெர்மனியில் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள், பவேரியச் சூத்திரம் என்று பெயர். உச்ச மதிப்பெண்ணிலிருந்து வாங்கிய மதிப்பெண்ணைக் கழி. அதை, உச்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளியால் வகு. மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு. காகிதத் துடைப்பானில் போட்டுப் பார்த்தேன். சுவிஸ் 5 என்றால் ஜெர்மன் 2.5. நம் ஊரில் 100க்கு 76 வாங்கியவருக்கு, தேர்ச்சி 50 என்றால் 2.44, தேர்ச்சி 40 என்று இருந்தால் அதே 76க்கு 2.2. படித்தது ஒன்றுதான், எழுதியது ஒன்றுதான். சொந்தக் கல்லூரியின் தேர்ச்சிக் கோடு தாழ்ந்திருந்தால் இங்கே மதிப்பு ஏறுகிறது! இந்த ரகசியம் எங்கள் கல்விக்குழுவுக்குத் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார்களோ.

பிரான்சின் கதை இன்னும் வேடிக்கை. அங்கே 20க்கு 14 வாங்கினால் பட்டத்தில் 'நன்று' என்று போடுகிறார்கள், 16 என்றால் 'மிக நன்று'. இருபதைக் கண்ணால் பார்த்தவர் அரிது. ஆனால் சூத்திரத்தில் 14ஐப் போட்டால் ஜெர்மன் 2.8 வருகிறது, அது வெறும் 'திருப்தி'. சூத்திரத்துக்குப் பேராசிரியரின் கஞ்சத்தனம் தெரியாது. அதனால்தான் இப்போது வெறும் வாய்ப்பாட்டை விட்டு, அந்த வகுப்பில் எத்தனை விழுக்காடு பேர் என்ன வாங்கினார்கள் என்ற பட்டியலை இரண்டு பக்கமும் வைத்து ஒப்பிடச் சொல்கிறார்கள். பாடத்தின் எடைக்குப் பொது அளவு இருக்கிறது: ஓராண்டுக்கு 60 புள்ளி, ஒரு புள்ளிக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. உழைப்பை நிறுக்கத் தராசு கிடைத்துவிட்டது. தரத்தை நிறுக்க இன்னும் தராசு தேடுகிறார்கள்.

பரிமாறிய பெண் துடைப்பானைக் குப்பையில் போடக் கை நீட்டினாள். மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள், வெள்ளி: ஃப்ரைபர்க்

எராஸ்மஸ் 1529இல் பாசலைவிட்டு இந்த ஊருக்கு வந்து தங்கிய வீடு சிவப்பு வண்ணத்தில் நிற்கிறது. பெயர் திமிங்கில வீடு. இப்போது ஒரு வங்கியின் கட்டடம். வாசலில் நின்று, அவர் பெயரைத் தாங்கிய திட்டத்தைப் பற்றித் தங்கை மகள் ஒரு கதை சொன்னாள். எனக்கு இரவு தூக்கம் போனது அதனால்தான்.

சோஃபியா கொராடி என்று ஓர் இத்தாலியப் பெண். 1934இல் பிறந்தவர். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டத்தில் முதுகலைப் பட்டம் வாங்கிக்கொண்டு 1958இல் ரோமுக்குத் திரும்பினார். அமெரிக்காவில் படித்ததைத் தன் இத்தாலியப் பட்டத்தில் கணக்கிடும்படி கேட்டார். மறுத்தார்கள். வெறுமனே மறுக்கவில்லை, மற்ற மாணவர்கள் முன்னிலையில் அவமானப்படுத்தி அனுப்பினார்கள். அந்தக் கோபத்தை அவர் விடவில்லை. 1969இலிருந்து பல்கலைக்கழகத் தலைவர்களான ரெக்டர்களின் குழுவுக்கும் அமைச்சகங்களுக்கும் அறிக்கை மேல் அறிக்கை எழுதினார்: வெளியே படித்தால் உள்ளே கணக்கில் சேர வேண்டும். 1987இல் எராஸ்மஸ் திட்டம் வந்தது. முதலாண்டில் 11 நாடுகள், 3,244 மாணவர்கள். இதுவரை ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் போய் வந்துவிட்டார்கள். 2021 முதல் 2027 வரைக்கான நிதி மட்டும் சுமார் 2,600 கோடி யூரோ. கொராடியை 'எராஸ்மஸின் அம்மா' என்று அழைக்கிறார்கள்.

அவள் கொராடியைப் பார்த்துக்கொண்டு கதை சொன்னாள். நான் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் மனுவை மறுத்தவரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

1998 என்று நினைவு. ஒரு மாணவி, பரிமாற்றத் திட்டம் ஒன்றில் வெளிநாட்டில் ஒரு பருவம் படித்துவிட்டு வந்தாள். நல்ல மதிப்பெண்கள், அழகான முத்திரை. நான் எங்கள் பாடக் குறியீட்டுப் பட்டியலைப் புரட்டினேன். அந்தப் பாடங்களுக்குக் குறியீடு இல்லை. குறியீடு இல்லாத பாடத்துக்குக் கணினியில் மதிப்பெண் ஏற்ற முடியாது. மூன்று முறை வந்தாள், மூன்று முறையும் கோப்பைத் திருப்பினேன். விதியை மீறவில்லை, என்மேல் எந்தத் தணிக்கையும் குறை சொல்லாது. அவள் அந்தப் பருவத்தை மறுபடி படித்தாள். மூன்றாம் முறை வந்தபோது ஒன்றும் பேசாமல் காகிதங்களை வரிசையாக அடுக்கி எடுத்துக்கொண்டு போனது மட்டும் மறக்கவில்லை. பெயர் மறந்துவிட்டது.

இங்கேயும் எல்லாம் சுகம் என்று எண்ணிவிட வேண்டாம். தங்கை மகளின் தோழி ஒருத்தி, ஸ்பெயின்காரி. எராஸ்மஸில் ஆறு மாதம் படித்துத் திரும்பியவளுக்கு இரண்டு பாடங்களைச் சொந்தப் பல்கலைக்கழகம் கணக்கில் சேர்க்கவில்லை. போகும் முன்பே மூன்று தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருந்தது. நடுவில் ஒரு பாடத்தை மாற்றிக்கொண்டாள், மாற்றத்துக்குக் கையெழுத்து வாங்க மறந்தாள். பூசாரிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

மாலையில் ஜெர்மன்-பிரெஞ்சுப் பள்ளியின் வழியாக நடந்தோம். 1972இல் தொடங்கியது. இரு நாட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து படித்து, இரு நாடுகளும் ஏற்கும் ஒரே இறுதித் தேர்வை எழுதுகிறார்கள். மேற்கு ஜெர்மன் பிரதமர் அதெனாவரும் பிரெஞ்சு அதிபர் ட கோலும் 1963 ஜனவரி 22 அன்று எலிசே நட்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் அதே ஆண்டு ஜூலையில் இளைஞர் அலுவலகம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் வழியே போய் வந்த இளைஞர்கள் 90 லட்சத்துக்கு மேல். ஒப்பந்தத்தின் நாற்பதாம் ஆண்டு விழாவில் இரு நாட்டு இளைஞர் நாடாளுமன்றம் கேட்ட ஒரு பொருள், இரு நாட்டுக்கும் ஒரே வரலாற்றுப் பாடநூல். 2006இல் முதல் தொகுதி வந்தது. மூன்று போர் நடத்திய இரண்டு நாடுகள் அந்தப் போர்களை ஒரே புத்தகத்தில் எழுதிப் பிள்ளைகள் கையில் கொடுப்பது. இதை நான் வியந்து எழுதினால், உடனே நம் பக்கத்து நாடுகளோடு ஒப்பிடச் சொல்வீர்கள். மாட்டேன்.

ஆறாம் நாள், சனி: பிரைஸாக், கோல்மார், முலூஸ்

ஃப்ரைபர்கிலிருந்து கோல்மார் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர்தான். 1878இலிருந்து நேர் ரயில் இருந்தது. பிரைஸாக்கில் ரைன் மேல் இருந்த ரயில் பாலம் 1945இல் அழிந்தது. இன்றுவரை அங்கே ரயில் கடக்கவில்லை. ஆகவே பிரைஸாக் வரை ரயில், பிறகு பஸ். 2019இல் இரு நாடுகளும் ஆஹனில் செய்துகொண்ட ஒப்பந்தத்தோடு வந்த முன்னுரிமைப் பட்டியலில் இந்தப் பாதையும் இருக்கிறது. பட்டியலில் ஏறிக்கொண்டு கோல்மார் போக முடியாது. சனிக்கிழமை என்பதால் பஸ்ஸும் குறைவு, வர வேண்டியதும் வரவில்லை. இரண்டு மணி நேரம் நிறுத்தத்தில் நின்றோம். மாணவர்கள் வார நாளில் இப்படி நின்றால் ஐந்து பல்கலைக்கழகமும் இலவசமாக இருந்து என்ன பயன்?

காத்திருந்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன். போரில் பெரும்பகுதி நொறுங்கிய பிரைஸாக், 1950 ஜூலை 9 அன்று, எல்லையில்லாத ஒன்றுபட்ட ஐரோப்பா வேண்டுமா என்று தன் மக்களிடம் வாக்கெடுத்தது. நூற்றுக்கு 95க்கு மேல் ஆம் என்றார்கள். அப்போது ஒன்றியமும் இல்லை, யூரோவும் இல்லை, ஊரில் முழுதாக நின்ற வீடுகளே குறைவு.

பஸ் வழியில் நஃப்-பிரிஸாக் என்ற எண்கோணக் கோட்டை ஊர். கோல்மாரில் தெருக்கள் அழகு, கூட்டம் அதிகம். முலூஸில் 1822இல் தொடங்கிய வேதியியல் பள்ளி இருக்கிறது. துணி அச்சுக்கான சாயத் தொழில்தான் அதைப் பெற்றெடுத்தது. இருட்டிவிட்டதால் பார்க்கவில்லை. இந்த வட்டாரத்தில் மூன்று நாட்டுப் பட்டங்களே இருக்கின்றன: கோல்மாரிலும், ஜெர்மனியின் லோராக்கிலும், சுவிஸ் கல்லூரியிலும் மாறி மாறிப் படிக்கும் வணிக மேலாண்மை அதில் ஒன்று. அந்த மாணவர்களின் கோப்பைக் கையாளும் எழுத்தருக்கு என் வணக்கம்.

ஏழாம் நாள், ஞாயிறு: பாசல்

பேராலயம் சிவப்புக் கல். உள்ளே இடப்பக்கம் ஒரு தூணில் சிவப்புச் சலவைக்கல் பலகை, லத்தீன் எழுத்து. எராஸ்மஸ் இங்கேதான் இருக்கிறார். கத்தோலிக்கப் பாதிரியாகவே இருந்தவர், 1536 ஜூலையில், புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தை ஏற்ற இந்த ஊரில் இறந்தார். சீர்திருத்தக்காரர்கள் தங்கள் தலைமைக் கோயிலிலேயே இடம் கொடுத்தார்கள்.

தன் சொத்தில் பெரும்பகுதியை ஏழைகளுக்கும் படிப்பவர்களுக்கும் செலவிடும்படி நண்பர் போனிஃபாசியஸ் ஆமர்பாக்கிடம் விட்டுச் சென்றார். ஆமர்பாக் சட்டப் பேராசிரியர், கணக்கில் கறார். அந்தப் பணத்திலிருந்து மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தார். ஆக உலகின் முதல் எராஸ்மஸ் உதவித்தொகை 1987இல் பிரஸ்ஸல்ஸில் பிறக்கவில்லை. அதற்கு நானூற்றைம்பது ஆண்டு முன்பே பாசலில் வழங்கப்பட்டது.

அந்தப் பாசல் எராஸ்மஸ் திட்டத்தில் இல்லை. 2014 பிப்ரவரி 9 அன்று சுவிஸ் மக்கள் குடியேற்றத்துக்கு வரம்பு கேட்டு வாக்களித்தார்கள். 50.3 விழுக்காடு. நூலிழை. அதன் விளைவாக, ஒன்றியத்தில் புதிதாகச் சேர்ந்த குரோஷியாவின் மக்களுக்கும் சுவிஸில் வந்து வாழும் உரிமையை விரிக்கும் ஒப்பந்தத்தில் சுவிஸ் அப்போது கையெழுத்திடவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் மாணவர் திட்டக் கதவைச் சாத்தியது. சுவிஸ் அரசு சொந்தப் பணத்தில் ஒரு மாற்றுத் திட்டம் நடத்துகிறது, தன் பிள்ளைகள் போவதற்கும் பணம் கொடுத்து, பிறர் பிள்ளைகள் வருவதற்கும் பணம் கொடுக்கிறது. 2027இல் மீண்டும் சேருவதற்கு ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது. இந்த இடைப்பட்ட காலமெல்லாம், பிரஸ்ஸல்ஸில் உள்ள ஒன்றியமும் பெர்னில் உள்ள சுவிஸ் அரசும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தபோதும், யூகோர் மாணவர்கள் ரயிலில் பாசலுக்கு வந்து தேர்வு எழுதிப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். தங்கை மகளின் 5 அப்படி வந்ததுதான்.

கோயிலின் பின்புறம் படியிறங்கினால் ரைன். எஞ்சின் இல்லாத மரப் படகு, கம்பியில் கட்டியிருக்கிறது. ஆற்றின் ஓட்டமே அக்கரைக்குத் தள்ளுகிறது. நடு ஆற்றில் அவள் தன் மதிப்பெண் பட்டியலை எடுத்துக் கொடுத்தாள். ஃப்ரைபர்க் கொடுத்தது. மூன்று ஊர்ப் பாடங்களும் ஒரே தாளில், வரிசை எண்ணோடு, புள்ளியோடு. முத்திரையைத் தடவிப் பார்த்தேன், பழக்கம். பாசல் பாடத்தின் எதிரே பாசல் என்றும் ஸ்ட்ராஸ்பர்க் பாடத்தின் எதிரே ஸ்ட்ராஸ்பர்க் என்றும் போட்டிருந்தது. அவ்வளவுதான். கீழே விளக்கக் குறிப்பு இல்லை, 'சிறப்பு நேர்வாகக் கருதி' என்ற வாசகம் இல்லை.

அறைக்குத் திரும்பியதும் பழைய அலுவலகத்தில் இன்னும் பணியில் இருக்கும் ஒருவருக்குச் செய்தி அனுப்பினேன். 1998ஆம் ஆண்டு இணைத்தன்மை மனுக்களின் பதிவேடு இருக்கிறதா, ஒரு பெயர் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அங்கே நள்ளிரவு இருக்கும். ஆனாலும் பதில் வந்தது.

"அந்த ஆண்டுப் பதிவேடுகளையெல்லாம் கழித்துவிட்டோம் சார். ஏதாவது தணிக்கைப் பிரச்சினையா?"